மாதவிடாய் இரத்தத்தில் குருத்தணுக்கள்

மராட்டிய மொழியில் 'காவ்ளா ஷிவ்லா' என்று ஒரு வழக்கு உண்டு. 'காக்கை தொட்டுவிட்டது' என்று பொருள். புனேயின் பழைய பேட்டைகளில், வீட்டுப் பெண் மூன்று நாள் அடுக்களைப் பக்கம் வராமல் தனியே இருந்தால், ஏன் என்று கேட்கும் குழந்தைகளுக்குப் பெரியவர்கள் சொன்ன பதில் அது. நம் வீடுகளில் 'தூரம்' என்றார்கள். 'வீட்டுக்கு விலக்கு' என்றார்கள். ஊர் விட்டு ஊர் வந்து இருபது முப்பது ஆண்டுகள் ஆன குடும்பங்களிலும் இந்தச் சொற்கள் இன்னும் முழுதாக மறையவில்லை. காக்கையோ தூரமோ, இரண்டு மொழிகளும் பெயர் சொல்லாமலே காரியத்தை முடித்துக்கொண்டன.

அந்தப் பொருளைத்தான் இன்று உயிரியல் ஆய்வுக்கூடங்கள் குப்பியில் வாங்கி, குளிரூட்டி, நுண்நோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கின்றன. மாதவிடாய் இரத்தத்தில் குருத்தணுக்கள் இருக்கின்றன, அவற்றைக் கொண்டு பழுதான உறுப்புகளைச் சீராக்கலாம், அதே இரத்தத்தைச் சோதித்து நோய்களை அறியலாம் என்ற செய்திகளை நம் வாசகர்களில் பலர் படித்திருப்பீர்கள். சிலர், "இதைச் சேமித்து வைக்க வேண்டுமாமே, பெண்ணுக்குப் பதினெட்டு வயதாகிறது, செய்யலாமா?" என்றும் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. பதில் சொல்லச் சற்றுப் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது.

வேதாள் குன்றும் கருப்பையின் உள்படலமும்

மாதவிடாயில் வெளிப்படுவது வெறும் இரத்தம் என்று நினைக்கிறோம். அதில் இரத்தம் ஏறத்தாழப் பாதிதான். மீதி, கருப்பையின் உட்சுவரைப் போர்த்தியிருந்த படலத்தின் துணுக்குகள், சளி, உதிர்ந்த உயிரணுக்கள், பலவகைப் புரதங்கள். ஒரு மாதவிடாய்க் காலம் முழுவதிலும் இழக்கப்படும் இரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லி லிட்டர். அரைத் தம்ளர் காப்பிக்கும் குறைவு. 80 மில்லி லிட்டருக்கு மேல் போனால் அதை மிகைப்போக்கு என்று மருத்துவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

கருப்பையின் உள்படலம் இரண்டு அடுக்காக அமைந்தது. சுவரை ஒட்டியிருப்பது அடியடுக்கு, இது உதிர்வதில்லை. அதன்மேல் இருப்பது மேலடுக்கு. மாதந்தோறும் வளர்ந்து, கரு வந்து தங்கவில்லையென்றால் உதிர்ந்து போவது இதுதான். மாதவிடாய் முடிந்தவுடன் ஒன்றிரண்டு மில்லி மீட்டர் கனமே இருக்கும் படலம், ஈஸ்ட்ரோஜன் என்ற இயக்குநீரின் தூண்டுதலால் இரண்டு வாரத்துக்குள் பல மடங்கு தடிக்கிறது. பிறகு புரோஜெஸ்டிரோன் அதைக் கருவுக்கு ஏற்ற மெத்தையாகப் பதப்படுத்துகிறது. கரு வராதபோது இந்த இரண்டு இயக்குநீர்களும் குறைகின்றன, மேலடுக்கு சரிகிறது. மீண்டும் அடியிலிருந்து தொடக்கம்.

புனேவாசிகளுக்கு இதை விளக்க வேதாள் டேக்டியைக் காட்டினால் போதும். ஏப்ரல், மே மாதங்களில் அந்தக் குன்று காய்ந்து, கருகி, புல் இருந்த சுவடே இல்லாமல் கிடக்கும். ஜூனில் முதல் மழை விழுந்த பத்தே நாளில் குன்று முழுவதும் பச்சை. விதைத்தவர் யாரும் இல்லை. மண்ணுக்குள் வேர் உயிரோடு இருந்தது, அவ்வளவுதான். குன்றுக்கு இது ஆண்டுக்கு ஒரு முறை. கருப்பைக்கு வாழ்நாளில் சுமார் 400 முறை!

அதிலும் ஒரு வியப்பு உண்டு. கையில் ஆழமாக வெட்டுப்பட்டால் ஆறிய இடத்தில் தழும்பு நிற்கும். கருப்பையின் உள்படலமோ மாதந்தோறும் புண்ணாகி, மாதந்தோறும் தழும்பே இல்லாமல் ஆறுகிறது. வளர்ந்த மனித உடலில் இப்படித் தழும்பின்றி, இவ்வளவு வேகமாக, இத்தனை முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் திசு மிக அரிது. இதைப் பார்த்த எவருக்கும் ஒரு கேள்வி எழ வேண்டும்: அடியில் இருக்கும் அந்த வேர் எது?

குருத்தணு என்றால்

ஸ்டெம் செல் என்பதைத் தமிழில் குருத்தணு என்று பெயரிட்டவர் யாரோ, வாழைத்தோட்டம் பார்த்தவராக இருக்க வேண்டும். வாழையில் விரிந்த இலை விரிந்ததுதான். அது இன்னோர் இலையைப் பெறாது. நடுவில் இருக்கும் குருத்திலிருந்துதான் புது இலை வரும். குருத்தும் தீராமல் இருக்கும். நம் உடலிலும் அப்படியே. தோலணு, நரம்பணு, தசையணு என்று முதிர்ந்துவிட்டவை தத்தம் வேலையைச் செய்து முடித்து அழியும். குருத்தணுவுக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, தன்னைப் போலவே இன்னொன்றைப் பெற்றுத் தன் இனத்தைக் காத்துக்கொள்ளும். மற்றொன்று, தேவைக்கேற்ப வேறு வகை அணுவாக முதிரவும் வல்லது.

எல்லாக் குருத்தணுக்களும் ஒரே தரமானவை அல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். விளம்பரத் தாள்கள் மறைப்பது இதைத்தான். கருவின் முதல் சில நாட்களில் உள்ளவை உடலின் எந்த அணுவாகவும் மாறக்கூடியவை. எலும்பு மஜ்ஜையிலும் தொப்புள்கொடி இரத்தத்திலும் உள்ள குருதியாக்கக் குருத்தணுக்கள் இரத்த அணுக்களை உண்டாக்குபவை. இரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் செய்யப்படும் மாற்றுச் சிகிச்சையில் பயன்படுபவை இவைதான். மூன்றாவது வகை, மீசன்கைமல் அணுக்கள். எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகிய இணைப்புத் திசுக்களாக மாறக்கூடியவை. மாதவிடாய் இரத்தத்தில் கிடைப்பவை இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தவை. ஆகவே, இவற்றைச் சேமித்து வைத்தால் நாளைக்கு இரத்தப் புற்றுநோய் வந்தால் உதவும் என்று யாராவது சொன்னால், சொல்பவருக்குப் பாடம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார்.

கண்டறிந்த கதை

மாதவிடாய் இரத்தம் இத்தனை காலம் ஆய்வுக்கு வராமல் போனதற்குக் கூச்சம் மட்டும் காரணமல்ல. ஆய்வுக்கூடத்து எலிக்கு மாதவிடாய் கிடையாது! மனிதர், சில குரங்கினங்கள், சில வௌவால்கள், யானை மூஞ்சூறு என்று ஒரு சிறு கூட்டத்துக்கே அது உண்டு. முள்ளெலி வகைச் சுண்டெலி ஒன்றுக்கு மாதவிடாய் வருவதை ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல்தான் வெளியிட்டார்கள்.

அதே மொனாஷில்தான் நம் கதையும் தொடங்குகிறது. டாக்டர் கரோலின் கார்கெட் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும், அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட கருப்பைகளின் உள்படலத்திலிருந்து தனித்தனி அணுக்களைப் பிரித்து வளர்த்துப் பார்த்தனர். பெரும்பாலானவை சில முறை பிரிந்து நின்றுவிட்டன. மிகச் சிலவோ ஓர் அணுவிலிருந்து ஒரு குடியிருப்பையே எழுப்பின. வேர் இருக்கிறது என்பதற்குச் சான்றாக 2004இல் இது வெளிவந்தது.

அப்படியானால் உதிர்ந்துபோகும் மேலடுக்கோடு அந்த அணுக்களில் சில வெளியேறாமலா இருக்கும்? 2007இல் அமெரிக்காவில் ஒரு குழு மாதவிடாய் இரத்தத்தையே எடுத்து வளர்த்துப் பார்த்தது. வளர்ந்தன, அதுவும் ஏறக்குறைய 19.4 மணி நேரத்துக்கு ஒரு முறை இரட்டித்தன. இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். இருபது மணிக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் பத்து நாளில் பன்னிரண்டு முறை இரட்டிக்கும். ஓர் அணு 4096 ஆகும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில், சதுரங்கக் கட்டத்தில் நெல்மணி வைத்த கதையோடு சேர்த்து இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கலாம். அடுத்த ஆண்டு ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகக் குழு, இப்படி வளர்த்த அணுக்களில் சிலவற்றை இதயத் தசை அணுக்களைப் போலத் துடிக்கச் செய்து காட்டியது.

சேகரிக்கும் முறை எளியது. இரண்டாம் நாள், போக்கு நன்றாக இருக்கும்போது, சிலிக்கான் கிண்ணத்தில் சில மில்லி லிட்டர் பிடித்து, உறையாமல் இருக்க ஒரு மருந்தும், கிருமி நாசினிகளும் கலந்த திரவத்தில் ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் அனுப்புவார்கள். இரத்தம் பிறப்புப் பாதை வழியே வருவதால் அங்கு இயல்பாக உள்ள கிருமிகளும் கூடவே வரும். ஆகையால் அந்த நாசினி கட்டாயம். ஆய்வுக்கூடத்தில் அடர்த்திக்கு ஏற்பப் பிரித்து, பிளாஸ்டிக் தட்டில் இட்டால், வேண்டிய அணுக்கள் தட்டில் ஒட்டிக்கொள்ளும், மற்றவற்றைக் கழுவிவிடலாம். ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. எலும்பு மஜ்ஜை எடுக்க இடுப்பெலும்பில் துளையிட வேண்டியிருப்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

குணப்படுத்துமா?

ஆரம்ப ஆண்டுகளில் எல்லோரும் நினைத்தது இது: இந்த அணுக்களைச் செலுத்தினால், அவை போய்ப் பழுதான இடத்தில் உட்கார்ந்து புதிய திசுவாக மாறிவிடும். ஆய்வு வளர வளர அந்த எண்ணம் மாறியது. செலுத்தப்பட்ட அணுக்களில் பெரும்பாலானவை உடலில் நெடுநாள் தங்குவதில்லை. தங்கியிருக்கும் சில நாட்களில் அவை சுரக்கும் பொருட்கள்தான் அழற்சியைத் தணிக்கின்றன, புது நாளங்கள் உண்டாகத் தூண்டுகின்றன, உடலின் சொந்த அணுக்களுக்கு உதவுகின்றன. 'மீசன்கைமல் ஸ்டெம் செல்' என்ற பெயரை 1991இல் பரப்பிய ஆர்னால்ட் காப்லான் என்ற அமெரிக்க விஞ்ஞானியே, 2017இல் அந்தப் பெயரை மாற்றுங்கள் என்று எழுதினார். குருத்தணு என்ற சொல் நோயாளிகளைத் தவறான நம்பிக்கைக்கு இட்டுச் செல்கிறது என்பது அவர் கவலை. ஓர் அறிஞர் தாம் வைத்த பெயரைத் தாமே திரும்பப் பெறுவது அடிக்கடி நடப்பதல்ல.

மனிதர்களிடம் செய்து பார்த்த சோதனைகளில் நம் ஊருக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்ல வேண்டும். கருப்பையின் அடியடுக்கே சிதைந்து, சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும் நிலைக்கு ஆஷர்மன் நோய் என்று பெயர். திரும்பத் திரும்பக் கருப்பையைச் சுரண்டுவதால் வரலாம். நம் நாட்டில் கருப்பையைத் தாக்கும் காசநோயும் ஒரு முக்கியமான காரணம். இருமலே இல்லாமல், சளியே இல்லாமல், கருப்பைக்குள் காசநோய் இருந்து குழந்தையின்மைக்குக் காரணமாவதைப் பலரும் அறிவதில்லை. வேதாள் குன்றின் உவமையில் சொன்னால், இங்கே வேரே பட்டுப்போய்விட்டது. எத்தனை மழை பெய்தும் பயனில்லை.

சீனாவில் இப்படிக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஏழு பெண்களுக்கு, அவரவர் மாதவிடாய் இரத்தத்திலிருந்து வளர்த்த அணுக்களையே கருப்பைக்குள் செலுத்தினார்கள். ஐவருக்குப் படலம் 7 மில்லி மீட்டர் அளவுக்கு வளர்ந்தது, சிலர் கருவுற்றார்கள். 2016இல் வெளியான ஆய்வு இது. அதற்கு முன்பே 2014இல் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள், மாதவிடாய் இரத்தத்துக்குப் பதிலாக எலும்பு மஜ்ஜை அணுக்களைக் கொண்டு ஆறு பெண்களிடம் இதே முயற்சியைச் செய்து வெளியிட்டிருந்தார்கள். ஏழு பேர், ஆறு பேர். நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் ஒரு சிகிச்சையை ஏற்றுக்கொள்ள இந்த எண்ணிக்கை போதாது.

கோவிட் காலத்திலும் சீனாவில் ஒரு சோதனை நடந்தது. நோய் முற்றிய 44 பேரில் 26 பேருக்கு மாதவிடாய் இரத்த அணுக்கள் செலுத்தப்பட்டன. 18 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். முதல் பிரிவில் இருவரும், இரண்டாம் பிரிவில் ஆறு பேரும் இறந்தனர். பார்த்தவுடன் மலைக்கத் தோன்றும். ஆனால் யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது அங்கே குலுக்கல் முறையில் முடிவாகவில்லை. உடல் சற்றுத் தேறியவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டிருந்தால் கணக்கே மாறிவிடும். நாளிதழில் 'புதிய மருந்து கண்டுபிடிப்பு' என்று படிக்கும்போது, எத்தனை பேர், குலுக்கல் உண்டா என்று இரண்டு கேள்விகள் கேட்கப் பழகிக்கொண்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

சேமிப்பு என்ற வியாபாரம்

இனி அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணின் தாய் கேட்ட கேள்விக்கு வருவோம்.

2007 இறுதியில் அமெரிக்காவின் கிரையோ-செல் நிறுவனம் மாதவிடாய் இரத்தக் குருத்தணுக்களைக் கட்டணத்துக்குச் சேமித்து வைக்கும் சேவையைத் தொடங்கியது. அணுக்கள் திரவ நைட்ரஜனில், சுழியத்துக்கும் கீழே நூற்றைம்பது பாகைக்கும் அப்பாற்பட்ட குளிரில் இருக்கும். தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. 2010களின் தொடக்கத்தில் சென்னையின் லைஃப்செல் நிறுவனம் 'லைஃப்செல் ஃபெம்' என்ற பெயரில் இந்தச் சேவையை இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. தொப்புள்கொடி இரத்தம் சேமிக்கும் பழக்கம் நகரக் குடும்பங்களில் ஏற்கெனவே பரவியிருந்தது. இதுவும் அதே வழியில் வந்தது.

பிறகு அரசு தலையிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட தேசியக் குருத்தணு ஆய்வு நெறிமுறைகள், தொப்புள்கொடி இரத்தத்தை மட்டுமே உரிமம் பெற்றுச் சேமிக்கலாம் என்று வரையறுத்தன. தொப்புள்கொடித் திசு, நஞ்சுக்கொடி, பல், மாதவிடாய் இரத்தம் ஆகியவற்றை வணிக முறையில் சேமிப்பதற்கு அனுமதி இல்லை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. காரணம் எளிது: சேமித்ததை எடுத்து என்ன செய்வது என்பதற்கு நிரூபிக்கப்பட்ட வழி இல்லை. அனுமதி உள்ள தொப்புள்கொடி இரத்தத்தைக்கூட, 'பின்னாளுக்கான உயிர்க் காப்பீடு' என்று சொல்லித் தனியாரிடம் சேமிக்கச் செய்வதை இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2018இல் ஏற்க மறுத்தது.

ஆகவே பதில்: சேமிக்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரு பவுன் நகையின் ஒரு பகுதியாவது வாங்கலாம் என்பார் என் வீட்டார். அதில் எனக்கு மறுப்பில்லை.

சேமிப்பை விடக் கவலை தருவது, சிகிச்சை என்ற பெயரில் நடப்பது. மேலே சொன்ன நெறிமுறையின்படி, இரத்த நோய்களுக்கான குருதியாக்கக் குருத்தணு மாற்றுச் சிகிச்சையைத் தவிர மற்றவை யாவும் இன்னும் சோதனை நிலையில் உள்ளவை. சோதனை என்றால் அது இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். நெறிக்குழுவின் ஒப்புதல் வேண்டும். கலந்துகொள்ளும் நோயாளியிடம் சோதனைச் சிகிச்சைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. பிள்ளைக்கு ஆட்டிசம், அப்பாவுக்குப் பக்கவாதம், மாமியாருக்கு முழங்கால் என்று அலைந்து களைத்துப்போன குடும்பத்திடம், ஒரு ஊசிக்கு இலட்சக்கணக்கில் கேட்கும் இடங்கள் பெருநகரங்களில் உண்டு. அங்கே போக நேர்ந்தால் முதலில் பதிவெண் என்ன என்று கேளுங்கள். பதிவெண் இருக்கிறது, பணமும் வேண்டும் என்றால், இரண்டில் ஒன்று பொய்.

நோயைக் கண்டுபிடிக்குமா?

எனக்குத் தோன்றுகிறவரை, மாதவிடாய் இரத்தத்தின் உடனடிப் பயன் மருந்தாவதில் இல்லை. சோதனைப் பொருளாவதில்தான் இருக்கிறது. அதற்குக் குருத்தணுவை வளர்க்கவும் வேண்டாம், உறைய வைக்கவும் வேண்டாம். 2012இல் வெளியான ஓர் ஆய்வில் மாதவிடாய் இரத்தத்தில் மொத்தம் 1061 புரதங்கள் அடையாளம் காணப்பட்டன. அவற்றில் 385 புரதங்கள், கை நரம்பிலிருந்து எடுக்கும் இரத்தத்திலோ பிறப்புப் பாதைத் திரவத்திலோ காணப்படாதவை. கருப்பைக்குள் நடப்பதைச் சொல்ல ஒரு தூதுவர் மாதந்தோறும் வாசல்வரை வருகிறார். நாம் அவரைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுகிறோம்.

எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயை எடுத்துக்கொள்வோம். கருப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் குடல் மேலும் முளைத்து மாதந்தோறும் வலியால் துடிக்க வைக்கும். மாதவிடாய் இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் போய், உயிருள்ள அணுக்கள் அங்கே வேரூன்றுகின்றன என்பது 1920களில் ஜான் சாம்ப்சன் என்ற மருத்துவர் சொன்ன விளக்கம். அப்போது குருத்தணு பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இன்று அந்த விளக்கத்தில் குருத்தணுவையும் சேர்த்துப் பேசுகிறார்கள். உலக அளவில் இனப்பெருக்க வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இதை உறுதி செய்ய நெடுங்காலம் இருந்த வழி, வயிற்றில் துளையிட்டுக் கருவியைச் செலுத்திப் பார்ப்பது. அதற்கு முன்னால் எத்தனை ஆண்டுகள்! "எல்லாப் பெண்களுக்கும் வலிக்கத்தான் செய்யும், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று அம்மா சொல்வார், பாட்டியும் சொல்வார், சில மருத்துவர்களும் சொல்வார்கள். நியூயார்க்கின் ஃபைன்ஸ்டைன் ஆய்வு நிறுவனத்தில் 2013 முதல் நடக்கும் ஆய்வில், இந்நோய் உள்ள பெண்களின் மாதவிடாய் இரத்தத்தையும் இல்லாதவர்களுடையதையும் ஒப்பிட்டார்கள். நோயுள்ளவர்களிடம் கருப்பைக்கே உரிய ஒரு வகை நோய் எதிர்ப்பு அணுக்கள் குறைவாக இருந்தன. படலத்து அணுக்களும் கருவை ஏற்கப் பக்குவமாவதில் பின்தங்கியிருந்தன. கத்தியில்லாமல், வீட்டிலிருந்து அனுப்பும் மாதிரியால் இந்நோயை அறிவது அவர்கள் குறிக்கோள். அது வரும்வரை ஒன்று செய்யலாம்: மாதந்தோறும் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போக முடியாத அளவு வலியால் சுருண்டு கிடக்கும் பெண்ணை, வெந்நீர்ப் பையோடு விட்டுவிடாமல் மகளிர் மருத்துவரிடம் அழைத்துப் போகலாம்.

இரண்டாவது உதாரணம் நம் மாநிலத்திலேயே நடந்தது. இந்தியப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகத்துக்கு அடுத்த இடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு. அதற்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். புற்று வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வைரஸ் இருப்பதை அறிந்துவிட முடியும். ஆனால் அதற்குப் பெண்கள் மருத்துவமனைக்கு வந்து உள்பரிசோதனைக்கு உடன்பட வேண்டும். கிராமங்களில் பலர் வருவதில்லை, கூச்சம். மும்பை டாடா நினைவு மையமும், பரேலில் உள்ள தேசிய இனப்பெருக்க நல ஆய்வு நிறுவனமும் வேறொரு வழியை முயன்றன. பெண்கள் வரவேண்டாம், பயன்படுத்திய நாப்கினை ஒரு பையில் இட்டு மூடிச் சுகாதாரப் பணியாளரிடம் கொடுத்தால் போதும். அதைக் குளிரில் வைத்து, காய்ந்த இரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பார்க்க முடிந்தது. மகாராஷ்டிரக் கிராமப் பெண்களிடம் நடந்த இந்த ஆய்வு 2018இல் வெளியானது. பெரிய இயந்திரமோ புதிய மருந்தோ இல்லாத இந்த ஆய்வை, இந்தக் கட்டுரையில் சொன்ன அத்தனையிலும் மேலானதாக நான் மதிக்கிறேன்.

சர்க்கரை நோயும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவை, நாப்கினில் பதித்த ஒரு பட்டையில் தோயும் மாதவிடாய் இரத்தத்திலிருந்து கணக்கிடும் முறைக்கு 2024 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. 2025இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பக் கழகத்தினர், நாப்கினிலேயே பொருத்தும் சிறு பட்டை ஒன்றை அறிவித்தார்கள். அழற்சியைக் காட்டும் ஒரு புரதம், புற்றுநோயோடு தொடர்புடைய ஒரு புரதம், எண்டோமெட்ரியோசிஸிலும் சினைப்பைப் புற்றிலும் கூடும் ஒரு புரதம் ஆகிய மூன்றையும் நிறமாற்றத்தால் காட்டும். கைபேசியால் படம் பிடித்தால் அளவு தெரியும். கர்ப்பத்தை அறியும் பட்டை போன்றதே இதன் தத்துவம். நல்ல யோசனை. ஆனால் மாதவிடாய் இரத்தம் நாளுக்கு நாள், ஆளுக்கு ஆள் மாறுவது. முதல் நாள் மாதிரியும் நான்காம் நாள் மாதிரியும் ஒரே எண்ணைக் காட்டாது. எது இயல்பு, எது நோய் என்று கோடு போடுவதற்கே பல ஆயிரம் பெண்களின் மாதிரிகள் வேண்டும்.

புனேயைப் பொறுத்தவரை இந்த இயலுக்கு அடித்தளம் இல்லாத ஊர் அல்ல இது. கணேஷ்கிண்டில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் தேசிய உயிரணு அறிவியல் மையம், நாடெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்கு அணு வளர்ப்பு வகைகளைத் தருவது. குருதியாக்கக் குருத்தணு ஆய்வில் நெடுநாள் பெயர் பெற்றது. அங்கே உதவி ஆய்வாளர்களாக நம் பிள்ளைகளும் சேரலாம். உயிரியல் படிக்கும் மாணவ மாணவியர் கவனிக்க. எச்.பி.வி.க்கு எதிரான முதல் இந்தியத் தடுப்பூசியான செர்வாவாக், நம் ஹடப்சரின் சீரம் நிறுவனத் தயாரிப்பு. 2022இல் ஒப்புதல் பெற்றது. இன்னொரு பக்கம், வீட்டு வாசலில் குப்பை வாங்க வரும் ஸ்வச் கூட்டுறவுப் பெண்கள், நாப்கினைத் தனியே காகிதத்தில் சுற்றிச் சிவப்புப் பொட்டு இட்டுக் கொடுங்கள் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். குருத்தணு இருக்கும் பொருளில் நோய்க்கிருமியும் இருக்கலாம்; வெறுங்கையால் பிரிப்பவர்கள் அவர்கள்.

நாப்கின் சோதனை நம் பேட்டைக்கு வந்து சேரும்வரை, முப்பது வயது கடந்த பெண்களுக்கு இப்போதுள்ள வழி, ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்வதே. அரசு மருத்துவமனைகளிலும் இதற்கு ஏற்பாடு உண்டு. சில நிமிட வேலை, வலி இல்லை. நாள் குறிக்கும்போது ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: இப்போதைக்கு அந்தப் பரிசோதனைக்கு மாதவிடாய் நாட்களில் வரவேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.